வந்துடுச்சி மேடம்

அவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சேதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இருந்தால் சொல்லக் கூடாது. இது அவர் போட்ட சட்டம். எங்கள் கம்பெனியில் யாருக்கும் அது முழுசாகப் புரிந்ததில்லை. எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரியாததால்தான் எல்லாம் நடந்தது என்று சில நாள் நினைப்பேன். புரிந்த பாதியால்தான் நடந்தது என்று சில நாள் நினைப்பேன்.

கேன்டீனில் தட்டோடு எதிரே உட்கார்ந்து, "அக்கா, நம்ம ரூட் பஸ்ஸுக்கு டிரைவர் மாறிட்டாராம்" என்று ஆரம்பிப்பேன். "வந்துடுச்சி" என்பார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் தெரிந்த சேதியைக்கூட "அப்படியா" என்று ஒரு தடவை வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வார்கள். சொல்கிறவளுக்கு அது ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. நமக்கு முகம் சுண்டிப்போகும். அவர் பாட்டுக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார்.

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'வந்துடுச்சி மேடம்' என்றார்கள். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்து, தைரியம் வந்து, "அக்கா, உங்களுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க" என்று ஆரம்பித்தேன். அதுவும் அவரிடம் வந்துவிட்டிருந்தது.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் ஒரே அறையில் ஐந்து பெண்களோடு தங்கி, உற்பத்தி லைனில் மூன்று வருஷம் நின்று, அப்புறம் சேஃப்டி செக்‌ஷனில் நோட்டீஸ் டைப் பண்ணும் வேலைக்கு வந்தேன். அவர் கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் சிஸ்டம்ஸில் இருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. வல்லம் தாண்டி ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பில் வீடு. ஒல்லியாக, தலையை வழித்து வாரி, எப்போதும் எங்கேயோ கிளம்புகிற மாதிரி இருப்பார்.

கம்பெனிக்கு மூன்று பிளான்ட். ஒரகடத்தில் ஒன்று, வல்லம் வடகாலில் ஒன்று, மறைமலை நகரில் ஒன்று. உள்ளே யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு பிளான்ட்டிலும் ஒரு நியூஸ் சர்வர் வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் மாற்றம், ரத்தம் தேவை, ரூம் காலி, இன்னார் தகப்பனார் தவறிவிட்டார் என்று எதைப் போட்டாலும் லைனுக்கு லைன் தொங்குகிற திரையில் வரும். ஒரு பிளான்ட்டில் போட்டது மற்ற இரண்டுக்கும் தானாகப் போகும். அந்த மூன்று மிஷினையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர் அவற்றைப் பற்றிப் பேசுவார், அதுவும் கேட்டால்தான்.

ஒருநாள் கேட்டேன். சர்வர் அறை வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"மூணு வூடு கீதுன்னு வெச்சிக்க. உன் வூட்ல ஒரு சேதி. மத்த ரெண்டு வூட்டுக்கும் நீ சொல்ற. அதுங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். அப்பால உனக்கே வந்து சொல்லும். நீ மறுபடி அதுங்களுக்கு சொல்லுவ. நிறுத்தலன்னா சுத்திகினே கெடக்கும்."

"பெறகு எப்படி நிறுத்துறது?"

"ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பர். சேதிய தூக்கிகினு போறதுக்கு முன்னாடி நம்பர மட்டும் சொல்லி, இது கீதான்னு கேக்கணும். கீதுன்னா வந்த வழியே போயிடணும். இல்லன்னாதான் சேதியையே குடுக்கணும். நம்ம ஜனங்களுக்கு இது வரவே வராது."

"ரெண்டு வீட்டுக்காரனும் ஒரே நேரத்துல கொண்டாந்தா?"

"மொதல்ல கேட்டவன கொண்டான்னு சொல்லணும். ரெண்டாமவன கொஞ்சம் நில்லுன்னு சொல்லணும். மொதல் ஆளு கொண்டாரலன்னா ரெண்டாமவன் கொண்டாரணும்."

"நம்பரை மட்டும் பாத்தா போதுமாக்கா? உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"உள்ள பாக்கணும்னா சேதிய வாங்கணும். வாங்கக் கூடாதுன்னுதான இவ்ளோ பாடு?"

எனக்குச் சரி என்றுதான் பட்டது. ஏதோ இடிக்கிறது என்றும் பட்டது. என்ன இடிக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

மிஷின் அப்படி என்றால் அவரும் அப்படியே. மிஷினைப் பார்த்து அவர் அப்படி ஆனாரா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலை அமைந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்கு என்னை அழைத்துப் போனார். ஜெபக் குறிப்பு இருப்பவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டார். அவருடைய தம்பிக்கு அந்த வாரம்தான் மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, வியாதிப்பட்ட எல்லோருக்காகவும் என்றார். இவர் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்ததும், "தம்பிக்குன்னு தனியா சொல்லியிருக்கலாமே" என்றேன். "எல்லாரும்னு போயிடுச்சில்ல. அதுல அவனும் கீறான். ஆண்டவர்கிட்ட ரெண்டு வாட்டி எதுக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. என் அப்பா இறந்து, பதினாறு நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது செக்‌ஷனில் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். எப்படி ஆச்சு, சுகர் இருந்ததா, வயசு என்ன என்று எல்லோருக்கும் ஒரே கதையை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அப்பா செத்தது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக அவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா கேட்டாங்க எல்லாரும்?"

சொன்னேன்.

"அதெல்லாம் வந்துடுச்சி. யாரும் கேக்காதது இன்னா?"

நான் யோசித்தேன். அப்பா ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைத்தான் கடைசிவரை கட்டினார், அதைத் துவைத்து எடுத்து வைப்பதா கொடுத்துவிடுவதா என்று எனக்கும் அம்மாவுக்கும் சண்டை, அதை யாரும் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதுவரை அழவில்லை. நான் அழுது முடிக்கும்வரை அவர் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்துதான் அவர்மேல் எனக்குப் பிரியம். நோட்டீஸ் வேலையில் அவர் எது சொன்னாலும் கேட்பது என்றும் அன்றுதான் முடிவு செய்தேன்.

அவர் சொன்னதில் முக்கியமானது போன் விஷயம். நான் நோட்டீஸைப் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸ் லேண்ட்லைனில் வல்லத்துக்கும் மறைமலை நகருக்கும் போன் செய்து "நோட்டீஸ் வந்துச்சா சார்" என்று கேட்பேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது.

"அதான் போட்டியேம்மா, அப்புறம் இன்னாத்துக்கு போனு? ரெண்டு வழில போனா ரெண்டையும் படிக்க மாட்டானுங்க. போன் வரும்னு நோட்டீஸ் பாக்க மாட்டான். நோட்டீஸ் கீதுன்னு போன் எடுக்க மாட்டான். ஒண்ணு போட்டா அது போய் சேரும். அதுக்கு நான் பொறுப்பு."

நான் போன் செய்வதை விட்டேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். காலையில் எங்கள் பிளான்ட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் மிஷினின் சென்சார் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். உள்ளே கை இருந்தால் மிஷின் நிற்க வேண்டும், நிற்கவில்லை. நல்லவேளையாக எங்களிடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே சென்சார் வல்லத்திலும் இருந்தது. சென்சாரை மாற்றும்வரை ஓட்டாதே என்று உடனே நோட்டீஸ் போடச் சொன்னார்கள். அவசரம். புதிதாக ஒன்றைத் தொடங்கித் தலைப்பு எல்லாம் அடிப்பதற்குப் பதிலாக, சேமித்து வைத்திருந்த ஒரு பழைய நோட்டீஸைத் திறந்தேன். குடிநீர்த் தொட்டி கழுவுவது பற்றியது. உள்ளே இருந்ததை அழித்துவிட்டுச் சென்சார் விஷயத்தை அடித்து அனுப்பினேன். எங்கள் திரையில் பளிச்சென்று வந்தது. கை போனுக்குப் போனது. அவர் சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

வல்லத்தில் அந்த நோட்டீஸ் வரவே இல்லை. மத்தியானம் அங்கே பரமக்குடிக்காரர் ஒருவரின் வலது கை பிரஸ்ஸுக்குள் மாட்டி, இரண்டு விரல் போய்விட்டது. அவருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

சாயங்காலம் நான் அனுப்பிய நோட்டீஸைத் திறந்து பார்த்தேன். மேலே, யாரும் பார்க்காத சின்ன எழுத்தில், தொட்டி கழுவும் நோட்டீஸின் நம்பர் அப்படியே இருந்தது. நான் அதை அழிக்கவில்லை. எங்கள் மிஷின் அந்த நம்பரை வல்லத்திடம் சொல்லி, இது இருக்கா என்று கேட்டிருக்கும். இருக்கு, அது எப்பவோ வந்துவிட்டது என்று வல்லம் சொல்லியிருக்கும். வந்த வழியே திரும்பியிருக்கும். தொட்டியைப் பற்றிய சேதியை வைத்துக்கொண்டு விரலைப் பற்றிய சேதியை வேண்டாம் என்றிருக்கிறது. உள்ளே பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

அப்படியானால் எங்கள் மிஷின் மட்டும் ஏன் அதை முதலிலேயே தடுக்கவில்லை என்று யோசித்தேன். போன மாதம்தான் அக்கா அதற்குப் புது டிஸ்க் போட்டிருந்தார். அதில் பழைய நம்பர்களின் பட்டியல் ஏறவில்லை போல. பட்டியல் இருந்திருந்தால் என் நோட்டீஸ் என் முகத்திலேயே திரும்பி வந்திருக்கும். நானும் திருத்தியிருப்பேன். அப்படியென்றால் தப்பு யாருடையது? என்னுடையதுதான் என்று அப்போதே தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்வியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு மூன்று மிஷினையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். அவரைத் தொடவிடவில்லை. சரியாக ஏற்பாடு செய்யாமல் டிஸ்க்கை மாற்றியதால் நோட்டீஸ் போகவில்லை என்று எழுதி, அவராகவே வேலையை விட்டுப் போய்விடும்படி சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டு, "நீங்க நோட்டீஸ் போட்டீங்களா?" என்று கேட்டார்கள். "போட்டேன் சார்" என்றேன். அது பொய் இல்லை. என்னை நிரந்தரமாக்கும் பேப்பர் அந்த வாரம் கையெழுத்துக்குப் போயிருந்தது. நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் கேட் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். ஒவ்வொருவராகப் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்தார்கள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நான் போனேன்.

"அக்கா, அந்த நோட்டீஸ்ல..."

"வந்துடுச்சிம்மா. வுடு."

"இல்லக்கா, அது என்னன்னா..."

"வந்துடுச்சி, வோணாம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இதற்கு அப்புறம் கல்யாணமாகி, மகள் பிறந்து, நாலு வருஷம் நான் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். என் தப்பு என்று தெரிந்தே என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டார், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக் கண்கலங்கியதும் உண்டு. இன்னொரு நாள், எல்லோரும் சொன்ன அதே வருத்தத்தைத்தான் நானும் சொல்ல வருகிறேன் என்று நினைத்துத் தடுத்திருப்பாரோ என்று தோன்றும். உடனே வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். பரமக்குடி அண்ணனை எங்கள் பிளான்ட் ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். கையுறை வாங்க நான் அங்கே போகும்போதெல்லாம் அவர் முகத்தை மட்டும் பார்த்துப் பேசிவிட்டு வருவேன்.

போன வாரம், ஸ்ரீபெரும்புதூரில் மகளின் எல்கேஜி அட்மிஷனுக்காகச் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க ஒரு கடையில் நின்றேன். "இன்னும் ரெண்டு செட் குடுங்க" என்றேன். "எதுக்கு ரெண்டு? ஒண்ணுதான கேப்பாங்க?" என்று மிஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நிமிர்ந்து பார்க்காமலே யார் என்று தெரிந்துவிட்டது. முன்தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே எங்கேயோ கிளம்புகிற நிற்பு. இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறதாம். நகல் எடுக்கும் கடையில் இவரை யார் வேலைக்கு வைத்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு கேட்ல நான் சொல்ல வந்தது உங்களுக்குத் தெரியும்லக்கா?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"வந்துடுச்சின்னு சொன்னேனே."

"என்ன வந்துச்சு?"

அவர் மிஷின் மூடியைத் திறந்து அடுத்த சான்றிதழை வைத்தார். நானே சொல்ல ஆரம்பித்தேன். பழைய நோட்டீஸ், தொட்டி, அழிக்காமல் விட்ட நம்பர், போனுக்குப் போன கை, நிரந்தரப் பேப்பர் எல்லாவற்றையும் சொன்னேன். "வந்துடுச்சி" என்று நடுவில் அவர் நிறுத்துவார் என்று ஒவ்வொரு வரியிலும் எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. மிஷினில் ஒரு தாள் பாதி வந்து நின்றிருந்தது. அதை உருவாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்தேன்.

"அந்த டிஸ்க மாத்தறப்ப பட்டியல ஏத்துனேனா இல்லியான்னு நாலு வருசமா யோசிச்சிகினு கீறேன்" என்றார். "ஏத்துன மாதிரியும் கீது. ஏத்தாத மாதிரியும் கீது. மிஷின பாக்க வுடலியா, எப்படி தெரியும்? வல்லத்துக்கு ஏன் போகலன்னு எனக்கு புரியவேல்ல. நான் நெனச்ச மாதிரி அது வேலையே செய்யலியோ, இத்தினி வருசம் தப்பா புரிஞ்சிகினு இருந்தேனோன்னு..."

இவ்வளவு நாளும் அவரிடம் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்த சேதி, அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

"நம்பரு ஒண்ணுதான்னா வல்லம் வாங்கியிருக்கக் கூடாதுதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். "மொதல்லேர்ந்து."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மறுபடியும் சொன்னேன். இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோபமா, ஆறுதலா, ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் நின்ற ஆள் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பரமக்குடிக்காரு" என்றார் கண்ணைத் திறந்து. "அவருகிட்ட இது கீதா?"

"இல்லக்கா."

"இப்போ என்கிட்டயும் கீது, உன்கிட்டயும் கீது. ரெண்டு பேரும் போனா ரெண்டு வாட்டி ஆயிடும். யாரு போறது?"

"நான் போறேன்க்கா."

"சரி. நான் நிக்கறேன். அடுத்த திங்கக்கிழம வரைக்கும் பாப்பேன். நீ போகலன்னா நான் போவேன்."

அதட்டலா, எனக்கு உதவி செய்கிறாரா, இதுவும் எனக்குப் பிடிபடவில்லை. மீதி இருந்த தாளை உருவி என் சான்றிதழ்களோடு சேர்த்துக் கொடுத்தார். ஒரு செட்தான் கொடுத்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு ஜெனரல் ஷிஃப்ட், ஸ்டோர்ஸ் ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். பரமக்குடி அண்ணன் "தெரியும்மா, விடுங்க" என்று சொல்லிவிட மாட்டாரா என்று காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் தப்பித்தேன் என்று வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் முதல் வாக்கியத்தை மட்டும் தயார் செய்து, சமையல் செய்யும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

"அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, ஒருக்கா முழுசாக் கேட்டுக்கிடுங்க."